கொப்பியில் தெரியாத படிப்பு: முன்பள்ளியும் வீடும்

முன்பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் நமது ஊர்களில் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இண்டைக்கு என்ன எழுதின?" பிள்ளை, "எழுதல்ல, வெளையாடின" என்று சொன்னால் உம்மாவின் முகம் வாடிவிடும். கொப்பியைப் புரட்டிப் பார்ப்பார். இரண்டு வட்டமும் ஒரு கோணல் கோடும் மட்டும் இருந்தால், கட்டுகின்ற மாதக் கட்டணம் ஞாபகத்துக்கு வரும். அடுத்த தவணையில், பக்கத்துத் தெருவில் வீட்டுவேலை கொடுக்கின்ற நேர்சரிக்குப் பிள்ளையை மாற்றிவிடுவதும் நடக்கிறது.

கிழக்குக் கரையோர ஊர்களில் முன்பள்ளிப் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் நீண்ட காலம் பழகியவள் என்ற வகையில் இந்தக் கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற பயம் நியாயமானது. ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை படிக்கின்ற படிப்பில் பெரும்பகுதி கொப்பியில் தெரிவதில்லை. அது கையில், காதில், வாயில், பழக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் வீட்டாரால் மிகவும் உதவ முடியும். தெரியாவிட்டால், நல்லெண்ணத்தோடேயே அந்தப் படிப்பைக் குழப்பிவிட முடியும். அந்தப் பார்வையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால்

சிறு பிள்ளைகளுக்கென்று தனியான ஒரு பள்ளி வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது அல்ல. ஜேர்மனியில் பிரெட்ரிக் புரோபல் என்பவர் 1837இல் பிளாங்கன்பேர்க் என்ற சிற்றூரில் அப்படியொரு நிலையத்தைத் தொடங்கினார். 1840இல் அதற்கு அவர் வைத்த பெயர்தான் 'கிண்டர்கார்டன்', அதாவது பிள்ளைகளின் தோட்டம். மரக்கட்டைகள், நூற்பந்துகள், பாட்டு, தோட்ட வேலை ஆகியவையே அங்கு பாடம். விளையாட்டே பிள்ளையின் வேலை என்று அவர் கருதினார்.

அவருக்குப் பின் வந்தவர் இத்தாலிய வைத்தியரான மரியா மொண்டிசோரி. 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் தமது முதலாவது பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் இந்தியாவுக்கு வந்த அவர், உலக யுத்தம் காரணமாக அங்கேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்தார். இன்று நமது ஊர்களில் 'மொண்டிசோரி' என்ற சொல் இல்லாத நேர்சரிப் பெயர்ப்பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பெயர் வந்துவிட்டது; முறை எல்லா இடத்துக்கும் வரவில்லை. மொண்டிசோரியின் பிள்ளைகள் நான்கு, ஐந்து வயதில் எழுதினார்கள் என்பது உண்மை. அதைக் காட்டித்தான் சிலர் மூன்று வயதிலேயே பென்சிலைக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எழுதுவதற்கு முன் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினார்கள். பொத்தான் போட்டார்கள், கழற்றினார்கள். மேசை துடைத்தார்கள். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொன்னார்கள். மாதக்கணக்கில் கையும் காதும் தயாரான பிறகுதான் எழுத்து வந்தது. தயாரிப்பை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது அவருடைய முறையாகாது.

நமது நாட்டில் முன்பள்ளிக்கும் அரச பாடசாலைக்கும் உள்ள தொடர்பையும் பெற்றோர் விளங்கிக்கொள்வது நல்லது. ஜனவரி 31ஆம் திகதி 5 வயது பூர்த்தியான பிள்ளை முதலாம் தரத்தில் சேர்க்கப்படுகிறது. 1990களின் பிற்பகுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. அதில் முதலாம், இரண்டாம் தரங்கள் அடங்கிய முதலாவது நிலையில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே முதலிடம். மேசை வேலைக்குக் கடைசி இடம். ஆறு வயதுப் பிள்ளைக்கே விளையாட்டு வழியாகக் கற்பிக்கும்படி பாடத்திட்டம் சொல்லும்போது, நான்கு வயதுப் பிள்ளையை அரை நாள் கதிரையில் இருத்தி எழுத வைப்பது எந்தப் பரீட்சைக்கான தயாரிப்பு?

கை படிப்பது

பிள்ளை களிமண்ணை உருட்டுகிறது, கடுதாசியைக் கிழித்து ஒட்டுகிறது, நூலில் மணி கோர்க்கிறது, மழுங்கல் கத்தரிக்கோலால் வெட்டுகிறது. பார்க்கும் நமக்கு இவை பொழுதுபோக்கு. உண்மையில் எழுதும் கை இங்கேதான் உருவாகிறது.

மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தாகவே இருக்கின்றன. வருடா வருடம் ஒன்று, இரண்டாக எலும்பாகத் தொடங்கும். கடைசி எலும்பு உருப்பெறத் தொடங்கவே ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு வயதாகிவிடும். நான்கு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் பாதியளவு இன்னும் குருத்துத்தான். விரல்களின் சிறு தசைகளும் அப்படியே. அந்தக் கையால் சிறு கோடுகளுக்குள் இரண்டு பக்கம் 'அ' எழுது என்றால், பிள்ளை பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கும். கொப்பி கிழியுமளவுக்கு அழுத்தும். ஐந்தாவது எழுத்தோடு "கை நோகுது" என்று சொல்லும். அது சோம்பேறித்தனம் என்று நினைத்து நாம் ஏசுகிறோம். தவறான பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது மிகவும் கஷ்டம்.

வீட்டில் இதற்காகக் கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை. குசினியே போதும். உள்ளி உரிக்கலாம். பயற்றில் கல் பொறுக்கலாம். ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். கழுவிய சிறு துணிகளைப் பிழிந்து, கொடியில் போட்டுக் கிளிப் குத்தலாம். கடற்கரை மணலில் விரலால் பெரிய வட்டம் போடலாம். சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும். "நேரம் போகுது, தாங்க மகன், நான் போட்டுவிடுறன்" என்று நாம் பறித்துக்கொள்கிற ஒவ்வொரு காலையும் அந்த விரல்களுக்கு ஒரு பாடம் குறைகிறது. பத்து நிமிடம் முந்தி எழுப்பினால் அந்தப் பாடம் நடந்துவிடும்.

காதும் வாயும்

வாசிப்புக்கு அத்திவாரம் எழுத்தை அடையாளம் காண்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கும் முந்திய படி ஒன்று உண்டு. 'பாய், பானை, பால்' மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்று காது கண்டுபிடிப்பதுதான் அது. 'கல், பல், நெல்' ஒரே மாதிரி முடிகின்றன என்பதும் அப்படித்தான். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்து வெறும் படம். வரிசையாகப் பார்த்து எழுதும். ஆனால் எழுத்துக் கூட்டி ஒரு சொல்லை வாசிக்கச் சொன்னால் நின்றுவிடும். முன்பள்ளியில் பாட்டும் கைதட்டலும் ஓசைநயச் சொற்களும் இவ்வளவு இருப்பது அதனால்தான்.

ஹதீஸ் நூல்களில் வரும் ஒரு சிறு சம்பவம் இங்கு நினைவுக்கு வருகிறது. அனஸ் (ரழி) அவர்களுடைய தம்பி, பால்மறந்த வயதுச் சிறுவன். நுகைர் என்ற சிறு பறவையொன்றை வைத்து விளையாடுவான். நபி (ஸல்) அவர்கள் அவனைக் காணும்போது 'அபூ உமைர்' என்று பெரிய மனிதரை அழைப்பதுபோல் அழைத்து, நுகைர் என்ன செய்தது என்று கேட்பார்கள். உமைர், நுகைர் என்று இரண்டு சொல்லும் ஓசையில் ஒத்துப்போகின்றன. இந்த ஹதீஸிலிருந்து உலமாக்கள் பல சட்டங்களை எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு வேலை செய்கிற எனக்கு அதில் மூன்று விடயங்கள் தெரிகின்றன. பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிய பேச்சு. பிள்ளைக்கு அக்கறையுள்ள பொருளைப் பற்றிய கேள்வி. காதுக்கு இனிய ஓசை.

நமது கேள்விகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். "இண்டைக்கு என்ன படிச்ச?" என்ற கேள்வி நான்கு வயதுக்கு மிகவும் பெரியது. "ஒண்டுமில்ல" என்பதே அதற்கு வரும் பதில். "வட்டத்துல உங்களுக்குப் பக்கத்துல ஆரு இருந்த?", "டீச்சர் சொன்ன கதையில ஆமைக்கு என்ன நடந்த?", "உங்கட கட்டைக் கோபுரம் எத்தின தரம் உழுந்த?" என்று கேட்டால் பிள்ளை பேசத் தொடங்கும். முதலில் என்ன, பிறகு என்ன என்று வரிசையாகச் சொல்வது சிறிய காரியமல்ல. நாளைக்குக் கட்டுரை எழுதப்போவதும் அந்த வரிசையில்தான்.

வீட்டு மொழி குறித்தும் ஒரு வார்த்தை. 'ஊடு', 'ஆணம்', 'பீங்கான்' என்று பிள்ளை நமது வழக்கில் பேசுவதைச் சில பெற்றோர் வெட்கமாக நினைக்கிறார்கள். இன்னும் சிலர், தமக்கே சரளமில்லாத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசுகிறார்கள். விளைவு, பிள்ளைக்கு எல்லா மொழியிலும் "வா, போ, தா, வேணாம்" மட்டும் கிடைக்கிறது. மூத்தம்மாவின் பேச்சில் உள்ள நொடி, கதை, பழமொழி, உறவுச் சொற்கள், கடலையும் வயலையும் பற்றிய சொற்கள் எதுவும் கிடைப்பதில்லை. ஒரு மொழியில் ஆழமாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது, மூன்றாவது மொழி சுலபமாக வரும். அந்த முதல் மொழி வீட்டில் நாம் உண்மையாகப் பேசுகிற மொழியாகவே இருக்கட்டும். எழுத்துத் தமிழைக் கதைப் புத்தகம் சொல்லிக் கொடுக்கும்.

வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. உம்மா வெளிநாட்டில் இருக்கிற வீடுகளும் உண்டு. அழைப்பு எடுத்தால் "சாப்பிட்டீங்களா, படிச்சீங்களா" என்று இரண்டே கேள்வியோடு முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு சிறு கதை சொல்லலாம். தாம் வேலை செய்யும் இடத்தில் கண்ட ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லலாம். பிள்ளை வரைந்த படத்தைக் காட்டச் சொல்லி, "இது ஆரு, அவர் எங்க போறார்?" என்று கேட்கலாம். தூரத்தில் இருந்தபடியே செய்யக்கூடிய உதவி இது.

ஆனால் அதே தொலைபேசி பேச்சைத் தின்றும் விடுகிறது. சோறு தீத்துவதற்குக் கார்ட்டூன், அழுகையை நிறுத்தக் கார்ட்டூன் என்று போனால், பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொல்ல வேண்டிய தேவையே அதற்கு வராது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டல் வெளியிட்டது.

ஒரு பிள்ளைக்கு நான்கு எழுத்து

இலங்கை முஸ்லிம் பிள்ளைக்கு மட்டும் உரிய ஒரு சுமை உண்டு. அதை நாம் போதுமான அளவு யோசித்ததில்லை. தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்து. குர்ஆன் ஓதுவதற்கு அரபியில் 28. ஆங்கிலத்தில் 26, அதுவும் பெரியதும் சிறியதுமாக இரண்டு வடிவம். பல ஊர்களில் இப்போது சிங்களமும். இவற்றில் மூன்று இடமிருந்து வலமாகவும் அரபி வலமிருந்து இடமாகவும் போகின்றன. காலையில் நேர்சரி, பின்னேரம் குர்ஆன் மத்ரஸா, சில வீடுகளில் இரவு ஆங்கில டியூஷன். ஐந்து வயது ஆகுமுன் நான்கு எழுத்துமுறைகளும் ஒரே நாளில் பிள்ளையின் முன் வந்து நிற்கின்றன.

நமது மூத்தம்மாமாரின் காலத்தில் பலர் அரபெழுத்தை மட்டும் கற்றார்கள். அதே எழுத்தில் தமிழையும் வாசித்தார்கள். மாலைகளும் மார்க்க நூல்களும் அரபுத் தமிழில் அவர்கள் கையில் இருந்தன. ஒரு எழுத்து, இரண்டு மொழி. அந்தக் காலத்துக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் தேவையில்லை. ஆனாலும் நான்கு வயதில் பிள்ளையின் கண் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த ஒப்பீடு யோசிக்க வைக்கிறது.

பிள்ளை 'b' என்பதை 'd' போல எழுதும். தன் பெயரை வலமிருந்து தொடங்கும். இரண்டு புள்ளி வைத்த 'தே'யையும் ஒரு புள்ளி வைத்த 'பே'யையும் மாற்றிச் சொல்லும். எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவது ஆறு, ஏழு வயது வரை சாதாரணமாகக் காணப்படுவது. அடிக்கவோ ஏசவோ வேண்டிய குற்றம் அல்ல.

நடைமுறையில் நான் பெற்றோருக்குச் சொல்வது இவை. எல்லா மொழியையும் காதால் கேட்கட்டும், அதற்குத் தடையில்லை. சிறு சூராக்களைக் கேட்டு மனனமாக்குவதும், சிங்களப் பாட்டுப் பாடுவதும், ஆங்கிலத்தில் நிறங்களைச் சொல்வதும் பிள்ளைக்கு விளையாட்டுப் போலத்தான். ஆனால் எழுத்தைக் கையால் எழுதுவதை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதுவது பிள்ளையின் சொந்தப் பெயராக இருக்கட்டும். வேறு எந்தச் சொல்லையும் விட அது பிள்ளைக்கு அருமையானது. தமிழில் 'ட, ப' போன்ற நேர்கோட்டு எழுத்துகள் 'இ, ஞ' போன்றவற்றை விடக் கைக்கு இலகு என்பதையும் கவனியுங்கள். மத்ரஸா உஸ்தாதும் முன்பள்ளி ஆசிரியையும் ஒருவரோடொருவர் பேசுவது நமது ஊர்களில் மிக அரிது. இருவரும் ஒரே பிள்ளைக்குத்தான் படிப்பிக்கிறார்கள். வருடத்தில் ஒரு தரமாவது அவர்களைச் சந்திக்க வைப்பது பெற்றோரால் முடிந்த காரியம்.

தொழுகையைக்கூடப் பிள்ளைக்கு ஏவும்படி ஹதீஸில் சொல்லப்பட்டிருப்பது ஏழு வயதில். அதற்கு முன் பிள்ளை உம்மாவின் பக்கத்தில் நின்று குனிந்து நிமிர்கிறது, முசல்லாவில் உருளுகிறது. யாரும் அதற்குப் புள்ளி போடுவதில்லை. ஆனாலும் ஏழு வயது வரும்போது தொழுகையின் அசைவுகள் அந்த உடம்புக்கு ஏற்கனவே பழக்கமாகி இருக்கின்றன. எழுத்திலும் அந்தப் பொறுமையை நாம் காட்டலாம்.

எண்ணுவதும் எண்ணும்

"எங்கட புள்ள நூறு வரைக்கும் சொல்லும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது நல்ல மனனம். ஆனால் ஏழு மணிகளை முன்னால் போட்டு எண்ணச் சொன்னால், சில பிள்ளைகள் ஒரே மணியை இரண்டு தரம் தொட்டு ஒன்பது என்று சொல்லும். ஒரு பொருளுக்கு ஓர் எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற இரண்டையும் விளங்குவதுதான் கணிதத்தின் தொடக்கம். சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே காட்டிய சோதனையொன்றை நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு வரிசையில் சமமாக ஐந்து ஐந்து புளியங்கொட்டை வையுங்கள். பிள்ளையின் கண்முன்னே ஒரு வரிசையை மட்டும் அகலமாக விரித்துவிட்டு, எதில் கூட என்று கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் பலர் விரித்த வரிசையைக் காட்டுவார்கள். இதில் பிழையேதும் இல்லை. அந்த வயதின் யோசனை அப்படித்தான் போகும். பொருளைத் தொட்டு, அடுக்கி, பங்கிட்டுப் பழகப் பழக அது மாறும்.

நோன்பு காலத்தில் இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. இஃப்தாருக்கு எத்தனை பேர் என்று பிள்ளை எண்ணட்டும். ஆளுக்கு மூன்று பேரீத்தம்பழம் வைக்கட்டும். கஞ்சிக் கோப்பை ஒன்று குறைகிறதா, கூடுகிறதா என்று பார்க்கட்டும். மற்ற நாட்களில் காலுறைகளைச் சோடி சேர்க்கலாம். கரண்டிகளைச் சிறிது, பெரிது என்று பிரிக்கலாம். கடைக்குப் போனால் இரண்டு தேங்காயில் எது பாரம் என்று தூக்கிப் பார்க்கலாம். எண்ணை எழுதுவது இவற்றுக்குப் பிறகு வரட்டும்.

ஆட்களோடு பழகுவது

247 எழுத்தையும் வரிசை தப்பாமல் எழுதத் தெரிந்த பிள்ளையொன்றை எனக்குத் தெரியும். முதலாம் தரத்துக்குப் போன முதல் கிழமையிலேயே பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று அழத் தொடங்கியது. காரணம் படிப்பில் இல்லை. "டீச்சர், கழிவறைக்குப் போகணும்" என்று வாய்விட்டுக் கேட்க அதற்குத் தெரியவில்லை. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கத் தெரியவில்லை. இன்னொரு பிள்ளை தன் அழிறப்பரை எடுத்தால், "தாங்க, அது என்ட" என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் மற்றவர்களே செய்துவிட்டார்கள்.

முன்பள்ளி கற்பிக்கும் பாடங்களில் மிகவும் பெரியது இதுதான். வரிசையில் நிற்பது, ஊஞ்சலுக்கு முறை பார்ப்பது, தோற்றால் தாங்குவது, கோபம் வந்தால் கடிக்காமல் சொல்வது, விளையாடிய சாமானை எடுத்து வைப்பது, உம்மா போனாலும் திரும்பி வருவா என்று நம்புவது. இவற்றைக் கொப்பியில் எழுதிக் காட்ட முடியாது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை நிம்மதியாக இருப்பதும் இருக்காததும் இவற்றைப் பொறுத்தே அமையும்.

வீட்டில் இதற்கு நமக்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. சஹனில் சேர்ந்து சாப்பிடுவதைச் சொல்கிறேன். மற்றவர் வரும்வரை காத்திருப்பது, தன் பக்கத்தில் உள்ளதைச் சாப்பிடுவது, நல்ல துண்டு இறைச்சியை அடுத்தவருக்குத் தள்ளுவது எல்லாம் அங்கே ஒரே நேரத்தில் நடக்கின்றன. நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீஸலமா (ரழி) சிறுவராக இருந்தபோது, சாப்பாட்டுத் தட்டில் அவருடைய கை எல்லாப் பக்கமும் ஓடியது. பிஸ்மில்லாஹ் சொல்வது, வலக்கையால் உண்பது, அருகில் உள்ளதை உண்பது என்ற மூன்றையும் நபியவர்கள் அந்த இடத்திலேயே சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அப்படியே சாப்பிட்டு வந்ததாகப் பெரியவரான பிறகு அவர் சொன்னார். நீண்ட உபதேசம் இல்லை, பிறர் முன் அவமானம் இல்லை. செய்கிற நேரத்தில், செய்கிற காரியத்தைப் பற்றி, சில சொற்கள். சிறு பிள்ளைக்குப் பழக்கம் படிவது இந்த முறையில்தான்.

ஆசிரியையிடம் கேட்க வேண்டியவை

முன்பள்ளி தெரிவு செய்யும்போது கட்டடத்தையும் ஆண்டிறுதிக் கலைவிழாவையும் பார்த்துத் தீர்மானிப்பவர்கள் அதிகம். மேடையில் பளபளப்பான உடுப்போடு ஆடவைப்பதற்காகத் தவணைக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் இடங்கள் உண்டு; அந்த நாட்களில் விளையாட்டும் கதையும் நின்றுவிடுகின்றன. அதைவிட ஒரு காலையில் போய் அரை மணித்தியாலம் வகுப்பைப் பாருங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, ஆசிரியை மட்டும் பேசுகிறாரா? கைக்கெட்டும் உயரத்தில் விளையாட்டுச் சாமான் இருக்கிறதா, அலுமாரியில் பூட்டி இருக்கிறதா? ஓடி விளையாட நிழலான முற்றம் உண்டா? அழுகின்ற பிள்ளையிடம் ஆசிரியை எப்படிப் போகிறார்?

பிள்ளை சேர்ந்த பிறகு, "எத்தனை எழுத்துத் தெரியும்?" என்பதற்குப் பதிலாக, "ஆரோடு விளையாடுறார்? எதில் கூடுதலாக ஆசை? எதற்குத் தயங்குறார்?" என்று கேளுங்கள். அன்றாடம் பிள்ளையைக் கவனிக்கும் ஆசிரியைக்கு இதற்கு உடனே பதில் இருக்கும். நீங்களும் வீட்டு நிலவரத்தைச் சொல்லுங்கள். தம்பி பிறந்திருக்கிறான், வாப்பா வெளிநாட்டுக்குப் போய்விட்டார், மூத்தம்மா மௌத்தாகிவிட்டா என்பதெல்லாம் பிள்ளையின் நடத்தையில் தெரியும். காரணம் தெரியாவிட்டால் ஆசிரியை அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, மூன்று வயது கடந்தும் சிறு வசனம் பேசாமை, படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தல் போன்றவற்றை ஆசிரியை சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். "எங்கட வாப்பாவும் பிந்தித்தான் பேசினவராம்" என்று தள்ளிப் போடவும் வேண்டாம். பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரையோ வைத்தியரையோ பாருங்கள். செவிப்புலனோ பார்வையோ குறைவாக இருந்தால், நேரத்தோடு கண்டுகொள்ளும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு இலாபம்.

கடைசியாக, முன்பள்ளி ஆசிரியைகளின் பக்கமும் சொல்லப்பட வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் பலருக்கு மேலே சொன்ன எல்லாம் தெரியும். தெரிந்தும் கொப்பி நிறைய எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பிள்ளைகள் வேறு நேர்சரிக்குப் போய்விடும். பிள்ளைகள் குறைந்தால், ஏற்கனவே சொற்பமான சம்பளமும் இல்லாமற் போகும். பெற்றோர் கேட்பதைத்தான் நேர்சரிகள் கொடுக்கும். ஆகவே மாற்றமும் பெற்றோர் கேட்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாலைந்து உம்மாமாரும் வாப்பாமாரும் சேர்ந்து, "வீட்டுவேலை வேணாம் டீச்சர், புள்ளைகளுக்குக் கூடக் கதை சொல்லுங்க, மண்ணுல விளையாட விடுங்க, நாங்க குறை சொல்ல மாட்டோம்" என்று சொல்லிப் பார்க்கட்டும். அந்த ஆசிரியைக்கு அது பெரிய துணிச்சலைக் கொடுக்கும்.